லேஸ் கட்டுகிறாரா, அவிழ்க்கிறாரா?

ஒரு சின்ன வீடியோ. பத்தே விநாடி. ஆம்பூரில் ஏதோ ஒரு ஷூ கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். பேக்கிங் மேஜைக்கு முன்னால் நிற்கிற பெண் ஒரு கறுப்பு ஷூவை எடுக்கிறார். லேஸின் இரண்டு முனைகளையும் பிடித்து என்னவோ செய்கிறார். லேஸ் கட்டுகிறாரா, அவிழ்க்கிறாரா?

பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவீர்கள். உங்கள் வீட்டு மூன்று வயதுப் பொடிசு கூடச் சொல்லிவிடும். 'எப்படிக் கண்டுபிடித்தாய்?' என்று கேட்டால்தான் வம்பு! வீடியோவை நடுவில் நிறுத்தி ஒரே ஒரு படத்தை மட்டும் காட்டினால் உங்களாலேயே சொல்ல முடியாது. கட்டும்போது பாதி வழியில் விரல்கள் எப்படி இருக்குமோ, அவிழ்க்கும்போதும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். அதே வீடியோவைப் பின்பக்கமாக ஓட்டுங்கள்... கட்டுவது, அவிழ்ப்பதாகிவிடும்! ஆக, விடை எந்தப் படத்துக்குள்ளும் இல்லை. படத்துக்கும் படத்துக்கும் நடுவே எங்கேயோ ஒளிந்துகொண்டிருக்கிறது.

அந்த 'நடுவே'யைப் பிடிக்க மனிதன் ஏறக்குறைய 140 வருடங்களாக மெனக்கெட்டிருக்கிறான். இன்றைக்கு வீடியோவைப் பார்த்து 'இவர் ஓடுகிறார்', 'இவர் கை தட்டுகிறார்', 'இவர் கீழே விழுந்துவிட்டார்' என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. மனிதச் செயல்களை அடையாளம் காணும் தொழில்நுட்பம் என்று இதற்கு நீளமாக ஒரு பெயர். நாம் 'செயல் அறிதல்' என்று சுருக்கமாக வைத்துக்கொள்வோம்.

இதற்கு ஏன் ஆம்பூரை இழுக்கிறேன்? (பிரியாணிக்காக இல்லை, சத்தியமாக!) இந்தக் கதையின் முதல் அத்தியாயமே ஒரு ஷூ ஊரில்தான் நடந்தது. அதன் முக்கியமான இன்னொரு அத்தியாயம், ஆம்பூரிலிருந்து பஸ் பிடித்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய வேலூரில் நடந்தது. அங்கே கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. ஒரு டாக்டரும், சில பையன்களும், ஒரு பூட்டும், சில பூனைகளும்தான்.

முதலில் ஷூ ஊர். அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் லின் என்று ஒரு நகரம். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் 'ஆம்பூர்' அது. தெருவுக்குத் தெரு ஷூ தொழிற்சாலை. தோல் வெட்ட மெஷின் வந்துவிட்டது. தைக்க மெஷின் வந்துவிட்டது. ஒரே ஒரு வேலைக்கு மட்டும் மெஷின் கிடையாது - லாஸ்டிங்!

ஷூ கம்பெனிப் பக்கம் போயிருக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். கால் மாதிரியே இருக்கும் அச்சுக்கு 'லாஸ்ட்' என்று பெயர். அன்றைக்கு மரம், இன்றைக்கு பிளாஸ்டிக். தைத்த மேல்தோலை - அப்பரை - அந்த அச்சின் மேல் போர்த்தி, இழுத்து, விரல் பக்கம் வரும் சுருக்கங்களை மடித்து மடித்து, அடிப்பாகத்தில் ஆணி அடித்து நிறுத்த வேண்டும். கொஞ்சம் அதிகமாக இழுத்தால் தோல் கிழியும். குறைவாக இழுத்தால் ஷூ தொளதொளக்கும். இந்த வேலையைச் செய்தவர்கள் லாஸ்டர்கள். கைதேர்ந்த லாஸ்டர் ஒருவர் ஒரு நாளைக்கு ஐம்பது ஜோடி முடிப்பார். 'என்ன மெஷின் வேண்டுமானாலும் வரட்டும், எங்கள் விரல் செய்வதை எதுவும் செய்யாது' என்று அவர்களுக்கு ஒரு கர்வம். நியாயமான கர்வம்தான்!

1870-களின் பிற்பகுதியில் அந்த ஊருக்கு வந்து சேர்ந்தார் யான் மாட்ஸெலிகர் என்ற கறுப்பின இளைஞர். பிறந்தது தென் அமெரிக்காவில் உள்ள சூரிநாம். அப்போது டச்சுக்காரர்களின் காலனி. ஆங்கிலம் அரைகுறை. ஒரு ஷூ தொழிற்சாலையில் தையல் மெஷின் ஓட்டும் வேலை. ஆனால் கண் மட்டும் லாஸ்டர்களின் கை மேலேயே! வலது கை என்ன செய்கிறது, இடுக்கி எந்தக் கோணத்தில் பிடிக்கிறது, எப்போது திருப்புகிறது, எப்போது ஆணி... பார்த்துக்கொண்டே இருந்தார். ராத்திரி அறைக்குப் போய் சுருட்டுப் பெட்டிப் பலகை, கம்பி, மரத்துண்டு என்று கையில் கிடைத்ததை வைத்து அந்த அசைவுகளை மெஷினாகக் கட்டிப் பார்த்தார். அரை வயிறு சாப்பாடு, கடுங்குளிர், வருடக்கணக்கான உழைப்பு.

பேட்டன்ட் கேட்டு வரைபடம் அனுப்பியபோது, அதிகாரிகளுக்கு ஒன்றும் புரியவில்லை. 'இப்படி ஒரு மெஷின் உண்மையில் ஓடுமா?' என்று சந்தேகப்பட்டு, நேரில் பார்த்துவர லின் நகரத்துக்கே ஆள் அனுப்பினார்கள். 1883, மார்ச் 20-ல் பேட்டன்ட் கிடைத்தது. மெஷின் நாளொன்றுக்கு 150 ஜோடியில் ஆரம்பித்து, பிறகு 700 ஜோடி வரைக்கும் போனது! மாட்ஸெலிகருக்கு அதை அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை. காசநோய் வந்து 1889-ல் இறந்துபோனார். வயது 36.

ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் கை அசைவை உற்றுப் பார்த்து, அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு மெஷினுக்குள் வைத்துவிட்டார். செயல் அறிதலின் வித்து இதுதான் என்பேன். கேமராவுக்குப் பதிலாக மாட்ஸெலிகரின் இரண்டு கண்கள்.

கிட்டத்தட்ட அதே நேரத்தில் கேமராவும் வந்து சேர்ந்தது. 1878-ல் கலிஃபோர்னியாவில் மய்பிரிட்ஜ், ஓடுகிற குதிரையை வரிசையாக நிறுத்திய 12 கேமராக்களில் படம் பிடித்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அவரைவிட பிரான்ஸ் தேசத்து மாரேதான் பெரிய ஆள். உடலியங்கியல் ஆராய்ச்சியாளர். அவருக்கு ஆளின் முகமும் சட்டையும் தேவையில்லை, அசைவு மட்டும் போதும். என்ன செய்தார் தெரியுமா? 1880-களில் ஓர் ஆளுக்குத் தலை முதல் கால் வரை கறுப்பு உடை மாட்டிவிட்டார். கையோரமும் காலோரமும் வெள்ளைப் பட்டைகள், மூட்டுகளில் வெள்ளைப் புள்ளிகள். கறுப்புத் திரைக்கு முன்னால் நடக்கச் சொல்லி, ஒரே தகட்டில் திரும்பத் திரும்பப் படம் எடுத்தார். ஆள் மறைந்துபோனார்! தகட்டில் விழுந்தது வரிசையாகக் கோடுகள், நடக்கிற கோடுகள். இன்று கம்ப்யூட்டர் திரையில் மனித உருவத்தின் மேல் குச்சி பொம்மை மாதிரி எலும்புக்கூடு வரைந்து காட்டுகிறார்களே... அதற்குக் கொள்ளுத் தாத்தா இந்த மாரேதான்.

அப்புறம் வந்தார் ஃபிராங்க் கில்பிரெத். அமெரிக்கர். கொத்தனார் வேலையில் ஆரம்பித்தவர். ஒரு செங்கல்லை எடுத்து வைக்க ஒரு கொத்தனார் 18 அசைவுகள் செய்வதைக் கவனித்து, அதை ஐந்துக்கும் கீழே கொண்டுவந்தார். இவரும் மனைவி லில்லியனும் தொழிலாளிகளின் கையைச் சினிமா கேமராவில் பிடித்தார்கள். படத்துக்குள்ளேயே வேகமாகச் சுற்றும் ஒரு கடிகாரத்தையும் வைத்தார்கள். விரலில் குட்டி பல்பு மாட்டி, கை போன பாதையை ஒளிக்கோடாகப் பதிவு செய்தார்கள். மனிதன் செய்யும் எல்லா கைவேலையையும் 'தேடு', 'எடு', 'பிடி', 'நகர்த்து', 'விடு' என்று பதினேழு பதினெட்டு துண்டுகளுக்குள் அடக்கிவிடலாம் என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. அந்தத் துண்டுக்கு 'தெர்ப்லிக்' என்று பெயர். கில்பிரெத் என்பதைத் திருப்பிப் போட்டால் வருவது!

தொழிலாளிகளின் களைப்பைக் குறைக்கத்தான் இதெல்லாம் என்றார்கள் கில்பிரெத் தம்பதி. லில்லியன் அதை மனப்பூர்வமாக நம்பியவர். ஆனால் முதலாளிகளுக்கு அதில் வேறொன்று தெரிந்தது. ஏற்கெனவே டெய்லர் என்ற இன்ஜினீயரின் சீடர்கள் ஸ்டாப் வாட்ச்சும் கையுமாகத் தொழிற்சாலைகளில் திரிந்துகொண்டிருந்தார்கள். 1911-ல் வாட்டர்டவுன் என்ற ஊரில் அமெரிக்க ராணுவத்தின் ஆயுதத் தொழிற்சாலையில் ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்ததும் வார்ப்படத் தொழிலாளிகள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். விவகாரம் பார்லிமென்ட் வரை போய், அரசாங்கத் தொழிற்சாலைகளில் ஸ்டாப் வாட்ச் வைத்து வேலை அளக்கக் கூடாது என்று 1915-ல் தடையே வந்துவிட்டது! உங்களுக்கு வேலூர் மாவட்டத்தில் ஷூ கம்பெனிக்குப் போகிற சொந்தக்காரர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்... 'டார்கெட்' என்ற சொல்லை அவர் உச்சரிக்கும் விதத்திலேயே மிச்சக் கதை இருக்கும்.

ஒரு குறிப்பு. இப்போது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம், ராணிப்பேட்டையும் மேல்விஷாரமும் ராணிப்பேட்டை மாவட்டம். 2019-ல் மூன்றாகப் பிரித்தாயிற்று. ஆனாலும் தோல் தொழிலைப் பொறுத்தவரை பாலாற்றங்கரையோரம் நீளுகிற ஒரே சங்கிலி அது. (பாலாற்றைப் பற்றி ஆரம்பித்தால் கட்டுரை முழுக்க அந்த ஆற்றோடு போய்விடும். அந்த ஆற்றில் தண்ணீரைவிட வழக்குகள் அதிகம் ஓடியிருக்கின்றன.)

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். அதற்கு முன்னால் ஸ்வீடன் வழியாக ஒரு சின்ன நடை.

1973. உப்சாலா பல்கலைக்கழகத்தில் குன்னர் யோஹான்ஸன் என்ற உளவியல் பேராசிரியர். ஓர் ஆளின் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று பத்துப் பன்னிரண்டு இடங்களில் விளக்குப் புள்ளிகளை வைத்து, இருட்டில் படம் எடுத்தார். ஆள் சும்மா இருந்தால், திரையில் தெரிவது அர்த்தமில்லாத சில புள்ளிகள். வானத்து நட்சத்திரம் மாதிரி. ஆள் ஓர் அடி எடுத்துவைத்த உடனே பார்ப்பவர்கள், 'அட, யாரோ நடக்கிறாங்க!' என்றார்கள். அதற்கு அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான்! பிறகு வேறு சிலர் செய்த சோதனையில், புள்ளிகளின் நடையை மட்டும் பார்த்து 'இது என் ஃபிரெண்டு' என்றுகூடச் சொன்னார்கள். இருட்டில் தூரத்தில் வரும்போதே அப்பாவின் நடையை வைத்து டி.வி-யை அணைத்த தலைமுறைக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

இந்த நடையை கம்ப்யூட்டரால் படிக்க முடியுமா என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்களில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் முன்வரிசையில் இருக்கிறார். ராம செல்லப்பா. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1975-ல் பட்டம் வாங்கி, பெங்களூர் வழியாக அமெரிக்கா போனவர். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் பல வருடம், இப்போது ஜான்ஸ் ஹாப்கின்ஸ். 2000-ஐ ஒட்டிய வருடங்களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, 'தூரத்திலிருந்தே ஆளை அடையாளம் காண வேண்டும்' என்று பணம் கொடுத்து நடத்திய ஆராய்ச்சியில், நடையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் வேலையைச் செய்தவர்களில் அவரும் ஒருவர். கவனியுங்கள்... மாரே உடலியங்கியலுக்காகப் பார்த்தார். கில்பிரெத் வேலைக்காகப் பார்த்தார். இப்போது பார்க்கச் சொல்வது ராணுவம்.

2004-ல் ஸ்டாக்ஹோமில் கே.டி.ஹெச். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூன்று பேர் ஒரு வீடியோத் தொகுப்பை வெளியிட்டார்கள். 25 பேர், ஆறே செயல்கள். நடப்பது, மெதுவாக ஓடுவது, வேகமாக ஓடுவது, குத்துவது, கை ஆட்டுவது, கை தட்டுவது. அவ்வளவுதான்! அதற்கே கம்ப்யூட்டருக்கு நுரை தள்ளிவிட்டது. ஏறக்குறைய 72 சதவிகிதம்தான் சரி. முக்கியமாக மெதுவாக ஓடுவதையும் வேகமாக ஓடுவதையும் போட்டுக் குழப்பிக்கொண்டது. பாவம், பார்க்கிலே வாக்கிங் போகிற சில மாமாக்கள் விஷயத்தில் நமக்கே அந்தக் குழப்பம் உண்டு.

கம்ப்யூட்டர் எப்படிக் கற்றுக்கொள்கிறது? அதற்கு வீடியோ என்பது விநாடிக்கு 25, 30 படங்கள். ஒவ்வொரு படமும் எண்கள் நிரம்பிய ஒரு பெரிய கட்டம். 'கை இப்படிப் போனால் இது கட்டுவது' என்று யாரும் விதி எழுதித் தருவதில்லை. ஆயிரக்கணக்கான வீடியோக்களைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் சரியான பெயரையும் சொல்கிறார்கள். அது தப்பாகச் சொன்னால், அதற்குள் இருக்கும் லட்சக்கணக்கான எண்கள் கொஞ்சமே கொஞ்சம் திருகப்படுகின்றன, வீணையின் பிரடையைத் திருகுகிற மாதிரி. மறுபடி காட்டு, மறுபடி திருகு. கடைசியில் சுருதி சேர்கிறது. 2014-ல் ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டு பேர் ஒரு நல்ல யோசனை சொன்னார்கள். ஒரு பாதி நின்ற படத்தைப் பார்க்கட்டும், இன்னொரு பாதி படத்துக்குப் படம் எது நகர்ந்தது என்பதை மட்டும் பார்க்கட்டும், பிறகு இரண்டும் கலந்து பேசி முடிவு சொல்லட்டும் என்று. 'நடுவே' என்றேனே... அதைத் தனியாகப் பார்க்க ஒரு கண்!

2017-ல் கூகுளின் டீப்மைண்ட் 'கைனடிக்ஸ்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தது. யூடியூபிலிருந்து பொறுக்கிய பத்து விநாடித் துண்டுகள். 400 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 400 வீடியோ. ஒவ்வொன்றுக்கும் பெயர் சரியா என்று பார்த்தவர்கள் மனிதர்கள்தான். இணையம் வழியாக, துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தவர்கள். 'இயந்திரம் தானாகவே கற்கிறது' என்று யாராவது உங்களிடம் கதைவிட்டால், இந்தக் கூலிக்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 400 பெயர்களின் பட்டியல் சுவாரஸ்யமானது. செங்கல் அடுக்குவது உண்டு (கில்பிரெத் இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்). ஆட்டுக்கு ரோமம் கத்தரிப்பது உண்டு. மாடு கறப்பது உண்டு. ஷூ துடைப்பது உண்டு, ஷூவுக்குப் பாலிஷ் போடுவது தனியாக உண்டு. ஷூ செய்வது? இல்லை! தோல் சீவுவது, அப்பர் தைப்பது, லாஸ்டில் இழுப்பது... ஒன்றும் இல்லை. யூடியூபில் எது கொட்டிக்கிடந்ததோ அதுதானே பட்டியலுக்குள் வரும்? போடுகிறவன் வீடியோ எடுத்துப் போட்டான். செய்கிறவருக்கு அதற்கு நேரமில்லை.

இன்னொரு தமாஷும் வெளிப்பட்டது. இந்தக் கம்ப்யூட்டர்கள் பல நேரம் செயலையே பார்ப்பதில்லை. நீலத் தண்ணீர் தெரிந்தால் 'நீச்சல்', பச்சைப் புல் தெரிந்தால் 'கால்பந்து'. ஆளைப் பார்க்காமல் இடத்தைப் பார்த்துப் பரீட்சையில் பாஸ் பண்ணிவிடுகின்றன, நம் பையன்கள் கேள்வியைப் படிக்காமலே கைடில் இருக்கும் விடையை எழுதுவது மாதிரி! இந்தக் காப்பியடித்தலைத் தடுக்க, அதே 2017-ல் ஒரு நிறுவனம் வேறு மாதிரித் தொகுப்பு தயாரித்தது. 174 செயல்கள். ஊர் உலகத்தில் இருக்கும் கூலிக்காரர்களிடம், 'ஒரு பொருளைத் திற', 'மூடு', 'எடு' என்று சொல்லி அவர்களையே வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். 'எடுப்பது மாதிரி பாசாங்கு செய்' என்பது கூட அதில் உண்டு. உண்மையில் எடுப்பதற்கும் எடுப்பது மாதிரி நடிப்பதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க வேண்டும். இங்கேதான் நம்முடைய லேஸ் கேள்விக்குக் கம்ப்யூட்டர் உருப்படியாகப் பதில் சொல்ல ஆரம்பித்தது.

ஆக, பிரச்னை தீர்ந்தது. ஆம்பூரில் நாலு கேமராவை மாட்டி, ஷூ செய்வதையும் பட்டியலில் சேர்த்துவிட்டால் முடிந்தது. அப்படித்தானே?

கொஞ்சம் பொறுங்கள்.

கட்டிங் பிரிவில் அனுபவசாலி ஒருவர் ஒரு தோலை மேஜையில் விரிக்கும்போது கவனியுங்கள். துணியைப் போல இது ஒரே சீராக இருக்காது. ஒவ்வொரு தோலும் ஒரு பிராணி. ஓரிடத்தில் உண்ணி கடித்த தழும்பு, ஓரிடத்தில் முள் கீறல், வயிற்றுப் பக்கம் தொளதொள, முதுகுப் பக்கம் கெட்டி. எந்தப் பக்கம் இழுத்தால் நீளும், எந்தப் பக்கம் நீளாது என்று பார்த்து, ஷூவின் முன்பக்கத்துக்கு நல்ல இடம், உள்ளே மறையும் துண்டுக்குச் சுமாரான இடம் என்று பிரிக்க வேண்டும். அதற்கு அவர் முதலில் செய்வது என்ன? உள்ளங்கையால் ஒரு தடவை தடவுகிறார். விரலால் லேசாக இழுத்துப் பார்க்கிறார். வீடியோவில் 'தடவுகிறார்' என்பது தெரியும். தடவியபோது அவருக்கு என்ன தெரிந்தது என்பது எந்த கேமராவிலும் விழாது!

கை செய்வதைக் கண்ணால் பார்த்துவிடலாம். கைக்குத் தெரிவதைப் பார்க்க முடியாது. இந்த விஷயத்தை உலகத்துக்கே பாடம் நடத்தியது வேலூர்தான்.

டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் நம்ம கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர். பெற்றோர் மிஷனரிகள். லண்டனில் மருத்துவம் படித்து, 1946-ல் வேலூர் சி.எம்.சி-க்கு வந்தார். அடுத்த வருடம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பிடித்து, 'அழுத்துங்க பார்க்கலாம்' என்றார். அழுத்தினாரே ஓர் அழுத்து... டாக்டருக்கு உயிர் போய்விட்டது! சூம்பிப்போன கையில் இவ்வளவு பலமா? அப்படியானால் எல்லாத் தசையும் சாகவில்லை. நல்ல தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றி வைத்தால்? 1948-லிருந்து வேலூரில் அந்த அறுவை சிகிச்சைகளைச் செய்தார். மடங்கிய விரல்கள் விரிந்தன. உலகம் திரும்பிப் பார்த்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சரிசெய்த கைகளில் மறுபடி மறுபடி புண்! எப்படி? நோயால்தான் விரல் அழுகி விழுகிறது என்று அதுவரை எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். பிராண்டுக்குச் சந்தேகம். ஒருநாள் துருப்பிடித்த ஒரு பூட்டை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளியான ஒரு சின்னப் பையன், 'நான் திறக்கிறேன்' என்று சாவியை ஒரே திருகாகத் திருகித் திறந்துவிட்டான். அசந்துபோன டாக்டர் பார்த்தால், தரையில் ரத்தச் சொட்டு. சாவி அவன் விரலை எலும்பு தெரியக் கிழித்திருந்தது. பையனுக்குத் தெரியவே இல்லை!

அதற்குப் பிறகு பிராண்ட் தன் நோயாளிகளின் ஒவ்வொரு செயலையும் துப்பறிய ஆரம்பித்தார். எப்படிச் சம்மட்டி பிடிக்கிறார்கள், எப்படி விளக்கைத் தொடுகிறார்கள், எப்படி நடக்கிறார்கள்... ஒவ்வொரு புண்ணுக்கும் பின்னால் ஒரு சாதாரணச் செயல் இருந்தது. சில காயங்களுக்கு மட்டும் காரணம் பிடிபடவில்லை. ராத்திரி தூங்கப் போகும்போது முழுசாக இருந்த விரல், காலையில் குறைந்திருந்தது! பையன்களே முறை வைத்து ராத்திரி விழித்திருந்து காவல் பார்த்தார்கள். (கண்காணிப்பு கேமரா இல்லாத காலம். பையன்கள்தான் கேமரா.) எலி! எலி வந்து கடிக்கிறது, தூங்குகிறவருக்கு உறைக்கவில்லை. அப்புறம் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு மருந்தோடு ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினார்கள்.

காலுக்கும் இதே கதை. அடிப்பாதத்தில் புண் வருவது ஒவ்வோர் அடியிலும் அதே இடத்தில் விழும் அழுத்தத்தால் என்று தெரிந்ததும், மரக்கட்டை, பிளாஸ்டிக் என்று எத்தனையோ விதமான செருப்புகளைச் செய்து பார்த்தார்கள். கடைசியில் மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு நிலைத்தது. வேலூரும் பக்கத்துக் கரிகிரி மருத்துவமனையும் உலகத்துக்குக் கொடுத்த செருப்பு அது. தோல் பட்டை கட்டும் ஊருக்கு நடுவே ஒரு டாக்டர், செருப்புத் தொழிலாளியின் பாடத்தைத் தலைகீழாகப் படித்திருக்கிறார்!

1966-ல் பிராண்ட் அமெரிக்காவுக்கு, கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே நடையை அளந்து ஒரு முக்கியமான விஷயம் கண்டுபிடித்தார். நீங்களும் நானும் சில மைல் நடந்தால், நமக்குத் தெரியாமலே நடை மாறிக்கொண்டே போகும். ஓரிடம் வலிக்க ஆரம்பித்தால் பாரத்தைப் பக்கத்துக்கு நகர்த்திவிடுவோம். உணர்ச்சி இல்லாத காலோ முதல் அடி எப்படியோ, கடைசி அடியும் அப்படியே. துளி மாறாது. அதனால்தான் புண். 'ஒரே சீராக, ஒரே மாதிரி' என்று நாம் ரோபோவைப் புகழ்கிறோமே... அந்தக் குணம்!

பிராண்ட் விடவில்லை. இன்ஜினீயர்களோடு சேர்ந்து, அழுத்தத்தை அளக்கும் சென்ஸர் வைத்த கையுறை செய்தார். அழுத்தம் எல்லை மீறினால் காதில் சத்தம் கேட்கும். நோயாளிகள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வேலையை முடித்தார்கள். விளக்கு எரிய வைத்தார். கண்டுகொள்ளவில்லை. கடைசியில் அக்குளில் மின்சார ஷாக். அது வேலை செய்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? திருகாணியைத் திருகப் போகும்போது ஸ்விட்சை அணைத்துவிட்டார்கள், வேலை முடிந்ததும் மறுபடி போட்டுக்கொண்டார்கள்! வருடக்கணக்கான உழைப்பைப் பிராண்ட் மூட்டை கட்டி வைத்தார். அவர் 2003-ல் காலமானார்.

இப்போது ரோபோக்காரர்களுக்கு இதே தலைவலி. வீடியோவைப் பார்த்துச் செயலைப் புரிந்துகொள்ளும் கம்ப்யூட்டருக்குக் கை கொடுத்துவிட்டால், அது செயலைச் செய்துவிடும் என்பதுதான் திட்டம். அதற்கு யூடியூப் வீடியோ போதாது. வேலை செய்கிறவரின் கண் எதைப் பார்க்கிறதோ, அதே கோணத்தில் வேண்டும். ஃபேஸ்புக்கின் மெட்டா நிறுவனமும், நம் ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி. உட்படப் பல பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, ஒன்பது நாடுகளில் சாதாரண மக்களின் தலையில் கேமரா மாட்டி, மூவாயிரம் மணி நேரத்துக்கும் மேல் பதிவு செய்த தொகுப்பு 2021-ல் அறிவிக்கப்பட்டது. அது ஆராய்ச்சிக்காக. 2025-ல் அமெரிக்கப் பத்திரிகையில் வந்த ஒரு செய்தியில் இடம்பெற்ற ஊர் எது தெரியுமா? கரூர்! துண்டுக்கும் படுக்கை விரிப்புக்கும் பேர் போன கரூர். அங்கே ஆப்ஜெக்ட்வேஸ் என்ற நிறுவனத்தில், நெற்றியில் கேமரா கட்டிக்கொண்ட ஊழியர்கள் துண்டு மடிக்கிறார்கள். கூடையிலிருந்து எடு, உதறு, மடி, மூலையில் வை. நேரம் தாண்டினாலோ வரிசை தப்பினாலோ முதலிலிருந்து. அந்த வீடியோக்கள் ரோபோவுக்குப் பாடம். அதே நிறுவனத்தில் வேறு சிலர் அந்த வீடியோவில் கை எங்கே, துண்டு எங்கே என்று கட்டம் போட்டுப் பெயர் எழுதுகிறார்கள். கில்பிரெத்தின் 'எடு', 'பிடி', 'விடு' அப்படியே கரூருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

துண்டை அடுத்து என்ன என்று நான் ஜோசியம் சொல்லப்போவதில்லை. ஆனால் தோல் பட்டையில் கேமராவுக்கு நல்ல வேலையும் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். டேனரிகளில் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர் விஷ வாயு தாக்கி மயங்குவதும், அவரைத் தூக்க இறங்கியவரும் அதே தொட்டியில் விழுவதும் இந்தப் பகுதியில் திரும்பத் திரும்ப நடந்த கொடுமை. ஒரு மனிதர் விழுந்தார், எழவில்லை என்பதைக் கண்டுபிடித்துச் சங்கு ஊதுவது இன்றைய செயல் அறிதலுக்கு எட்டுகிற விஷயம்தான். அந்தத் தொட்டிக்குள் ஆளே இறங்காமலிருக்க வழி செய்வது அதைவிட எளிது என்பது வேறு விஷயம்.

அதே கேமரா தையல் வரிசைக்கு மேலே வந்தால்? எத்தனை விநாடி கை நின்றது, எத்தனை தடவை எழுந்து போனார் என்று எண்ணும். வாட்டர்டவுன்காரர்களுக்கு ஸ்டாப் வாட்ச் கண்ணுக்குத் தெரிந்தது, வெளியே வந்துவிட்டார்கள். இது சத்தமே போடாது. 2023-ல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் டிஜிட்டல் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில், வேலை தொடர்பான நோக்கங்களுக்காக ஊழியரின் தகவலைத் தனியாகச் சம்மதம் கேட்காமலே முதலாளி பயன்படுத்தலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஊழியரின் கை அசைவைப் பதிவு செய்து, ரோபோவுக்குப் பாடமாக இன்னொரு நாட்டுக்கு விற்பது 'வேலை தொடர்பான நோக்க'த்தில் அடங்குமா? இருபது வருடம் தோலைத் தடவித் தடவிப் பழகிய கையின் பத்து விநாடிக்கு யார் யாருக்கு என்ன விலை தர வேண்டும்? ஷூ கம்பெனிகளில் பெரும்பாலும் பெண்கள். காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் இதை முடிவு செய்ய வேண்டும்.